கடனுக்குப் போகும் முன் நம் கணக்கைப் பார்ப்போம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் அமிர்தி குடும்ப சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சில இடங்களில் விரித்து எழுதியிருக்கிறேன்.)



"இருபது நிமிஷம் எதையாவது உபயோகமா பேசுய்யா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் சிவில் இன்ஜினியர். கான்கிரீட் பற்றிப் பேசலாம். ஆனால் பக்கத்திலே உயிரியல் பூங்காவில் மயில் கத்துகிறது, பின்னாலே பிரியாணி தம் போட்டிருக்கிறார்கள். இந்தப் போட்டியில் கான்கிரீட் நிற்காது. அதனால் எல்லோருக்கும் காது நிமிரும் விஷயமான கடனைப் பற்றிப் பேசுகிறேன். கடன் வாங்குவது நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றம் இல்லை. கடன் கேட்டுப் போவதற்கு முன்னால், நம்மைப் பற்றி எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்துக் கொள்வது, தப்பாக இருந்தால் திருத்துவது, குறைவாக இருந்தால் கூட்டுவது. இவ்வளவுதான் என் பேச்சு.

கட்டடம் கட்டும் முன் மண் பரிசோதனை செய்கிறோம். "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த நிலம் எங்களுக்குத் தெரியும் சார், டெஸ்டெல்லாம் எதுக்கு?" என்று சொல்லாத பார்ட்டி கிடையாது. போர் போட்டுப் பார்த்தால் ஆறடிக்குக் கீழே களிமண் இருக்கும். நம்முடைய கடன் வரலாறும் அப்படித்தான். நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். கீழே என்ன இருக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம். ஒருவனுக்குக் கடன் கொடுக்கலாமா என்று ஊரே தீர்மானித்த காலம் ஒன்று உண்டு. சென்னை மாகாண அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரியை, விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள் என்று ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் அவர் அறிக்கை கொடுத்தார். அவர் மனத்தைக் கவர்ந்தது ஜெர்மனியில் ரைஃபைசன் உண்டாக்கிய கிராமக் கடன் சங்கம். சின்ன ஊர், எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். ஆகவே யார் யோக்கியன், யார் சீட்டாடுகிறவன் என்று சங்கத்தார் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அந்த வழியில் 1904-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. அங்கே கடன் வரலாறு என்பது பக்கத்து வீட்டுக்காரர் வாயில் இருந்தது.

ஊர் பெரிசாகிற இடத்தில் இது நடக்காது. நியூயார்க்கில் 1841-லேயே லூயிஸ் டாப்பன் என்கிற வியாபாரி, எந்த ஊர்க் கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று தகவல் சேர்த்து, பெரிய பெரிய நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, காசுக்குத் தகவல் சொல்லும் தொழில் ஆரம்பித்துவிட்டார். நம் நாட்டில் 1999-ல் சித்திக்கி கமிட்டி சொன்ன பிறகு, 2000 ஆகஸ்டில்தான் சிபில் கம்பெனி பதிவானது. 2005-ல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கின்றன. ஜெராக்ஸ் என்றால் நகல் என்று ஆனது போல, சிபில் என்றால் ஸ்கோர் என்று ஆகிவிட்டது. ஆனால் நாலும் வேறு வேறு. ஒன்றில் சரியாக இருக்கிற தகவல் இன்னொன்றில் தப்பாக இருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தக் கம்பெனிகள் தாங்களாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. பாங்குகள், நிதி நிறுவனங்கள், கிரெடிட் கார்டு கொடுப்பவர்கள், வீட்டுக் கடன் கம்பெனிகள், மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் எல்லோரும் அனுப்புவதைச் சேர்த்து வைக்கிறார்கள். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றானது. போகப் போக இன்னும் நெருங்குமே தவிர விலகாது. பாங்கில் வைத்த நகைக் கடன் இதில் வரும். பஜாரில் அடகுக்கடையில் வைத்தது வராது. தண்டல் பணம், கைமாற்று, கந்து வட்டி எதுவும் வராது. அதனால்தான் முப்பது வருஷமாக ஒரு தவணை தவறாமல் தண்டல்காரருக்குக் கட்டிய அம்மாவை, பாங்கு 'வரலாறு இல்லாதவர்' என்று சொல்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இருக்கிற ஏற்பாடு இதுதான்.

நம்மில் பல பேர் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் படிப்பதே இல்லை. மார்க் ஷீட்டில் மொத்தத்தை மட்டும் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. எந்த பார்முலாவில் வருகிறது என்பதை அவர்கள் முழுசாகச் சொல்வதில்லை. ஸ்கோர் நம் கையில் இல்லை, ரிப்போர்ட் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் படிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் முதலில் பெயர், பிறந்த தேதி, பான் நம்பர், விலாசங்கள், போன் நம்பர்கள். இதை யாரும் படிப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன், காரணம் அப்புறம் சொல்கிறேன். அடுத்து ஒவ்வொரு கடனும் தனித்தனிக் கட்டம். எவ்வளவு வாங்கினது, எவ்வளவு பாக்கி, மாதா மாதம் எத்தனை நாள் தாமதம். மூன்று சைபர் என்றால் தாமதம் இல்லை. 030 என்றால் முப்பது நாள். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் அந்த மாதத் தகவல் வரவில்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். தொண்ணூறு நாளைத் தாண்டினால் பாங்கு பாஷையில் அது வாராக் கடன். கடைசியில் 'விசாரணை' என்று ஒரு பகுதி. எந்த பாங்கு எந்தத் தேதியில் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது என்று இருக்கும். நீங்களே உங்களுடையதைப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஆனால் நாலு பாங்கில் ஒரே வாரம் அப்ளிகேஷன் போட்டால், 'இவனுக்கு என்ன இத்தனை அவசரம்?' என்று ஐந்தாவது பாங்கு யோசிக்கும்.

இந்த ஜவ்வாது மலையிலேயே காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-லிருந்து. கல்லூரி டூரில் போயிருப்பீர்கள். அதில் தெரியும் நட்சத்திரம் இன்றைய நட்சத்திரம் இல்லை, எப்போதோ கிளம்பிய வெளிச்சம். ரிப்போர்ட்டும் அப்படித்தான். இன்றைக்கு நீங்கள் லட்சம் சம்பாதிப்பது அதில் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் வேலையில்லாமல் இருந்த மாதங்களின் 060 இன்னும் மின்னிக் கொண்டிருக்கும்.

இனி அந்த 'முதல் பக்கத்தை' ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். அமிர்திக்கு மேலே மலை ஏறினால் வருகிற சின்ன ஊர்களில் ஒன்று எங்களுடையது. சாமையும் புளியும் கொஞ்சம் பலாவும் விளையும். 2022-ல் என் தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்தது. கல்விக் கடனுக்குப் போனோம். அப்பாதான் கூட்டுக் கடனாளி. நான் ஏற்கெனவே வீட்டுக் கடனில் இருந்ததால் அப்பா பெயர் போதும் என்று பாங்கிலேயே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மானேஜர் கூப்பிட்டார்.

"சார், உங்க அப்பா பேர்ல ஒரு டூவீலர் லோன் இருக்கு. கட்டாம விட்டு ரைட் ஆஃப் ஆயிருக்கே."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். "நான் சைக்கிளையே தள்ளிக்கினு போறவன் சாமி, எனக்கு எதுக்கு வண்டி லோனு?" என்றார். மானேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்தால் கடன் வராது.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வண்டிக் கடனின் விலாசம் நாங்கள் கேள்விப்பட்ட ஊரே இல்லை. போன் நம்பரும் எங்களுடையது இல்லை. பெயரும், இனிஷியலும், பிறந்த தேதியும் மட்டும் ஒன்று. திருவண்ணாமலைப் பக்கம் அண்ணாமலை என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்புவார்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு எழுத்து இனிஷியல்தான். அதையும் ஒரு இடத்தில் முன்னால் போடுகிறோம், ஒரு இடத்தில் பின்னால் போடுகிறோம், பான் கார்டில் அப்பா பெயரை முழுசாக விரிக்கிறோம். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது நாடு முழுக்க உள்ள வழக்கம். அந்தக் காலத்துக் கடன்களில் பான் நம்பரும் பல இடங்களில் இல்லை. பெயர் ஒன்று, ஜனவரி 1-ம் ஒன்று என்றால், கம்ப்யூட்டர் இரண்டு ஆளை ஒரு ஆளாக்கிவிடும். இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால், நாலு அளவு கொடுத்துப் பொருத்த வேண்டிய இடத்தில் இரண்டு அளவு மட்டும் கொடுத்தால் எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஏறும்.

கடன் தகவல் கம்பெனியில் புகார் போட்டோம். இங்கே ஒரு விஷயம் புரிந்து கொள்ள வேண்டும். அந்தக் கம்பெனி தானாக ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நம் புகாரை, தகவல் அனுப்பிய நிதி நிறுவனத்துக்கு அனுப்பும். அவர்கள் 'ஆமாம், தப்பு' என்று சொன்னால்தான் திருத்தம். அந்த நிறுவனம் இருபது நாள் பதிலே சொல்லவில்லை. அப்புறம் 'வாடிக்கையாளர் நேரில் வரவும்' என்றார்கள். அவர்கள் வாடிக்கையாளரே இல்லாத ஒருவரை வாடிக்கையாளராக நேரில் வரச் சொன்னார்கள். போனோம். கடன் பத்திரத்தில் உள்ள போட்டோவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பழைய பைலைத் தேடி எடுத்தார்கள். போட்டோவில் இருந்தவர் மீசைக்காரர், அப்பாவைவிட இருபது வயது சின்னவர். அதற்குமேல் பேச்சில்லை. எல்லாம் முடிய ஏழு வாரம் ஆனது.

காலேஜ் பீஸ் ஏழு வாரம் காத்திருக்குமா? அம்மாவின் மூன்று பவுன் செயின் வேலூரில் அடகுக்கடைக்குப் போனது, மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு. தங்கை சேர்ந்தாள். கல்விக் கடன் இரண்டாம் வருஷத்திலிருந்துதான் கிடைத்தது. செயின் வீட்டுக்குத் திரும்ப ஒன்றரை வருஷம். யாரோ ஒரு மீசைக்காரர் வாங்கிய வண்டிக்கு அம்மா கழுத்து வெறுமையாக இருந்தது. சீட் கிடைத்த பிறகு ரிப்போர்ட் பார்ப்பதைவிட, பிளஸ் டூ பரீட்சை நடக்கும்போதே பார்ப்பது நல்லது என்று இன்றைக்கு நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்தச் செயின்தான் காரணம்.

இன்றைக்கு நிலைமை அப்போதைவிடப் பரவாயில்லை. 2024 ஏப்ரல் 26 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. புகார் கொடுத்து முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். தாமதம் யாரால் என்பதைப் பொறுத்து, பாங்கோ தகவல் கம்பெனியோ கொடுக்க வேண்டும். நூறு ரூபாய் பெரிசில்லை. ஆனால் யாரோ ஒருவர் கணக்கில் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் பைல் நகரும். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். 2022 செப்டம்பர் முதல் இந்தத் தகவல் கம்பெனிகளும் அவர் அதிகாரத்துக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 என்ற நம்பர். புகார் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நாள் கணக்கு அங்கேயிருந்துதான் தொடங்கும்.

ரிப்போர்ட் வாங்கக் காசு வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-ல் உத்தரவு போட்டது, 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாலு கம்பெனியும் தனித்தனியே தர வேண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருவரிடம் வாங்கினால் வருஷம் முழுக்கக் கண்காணிப்பு. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வீட்டில் நான் வைத்திருக்கிறேன். "வெள்ளை அடிக்கிற மாதிரி இதையும் சேத்துக்கிட்டீங்களா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

சரி, தப்பு இல்லை, நம்முடைய பழைய தாமதமேதான் இருக்கிறது என்றால்? அதை அழிக்க முடியாது. 'ஸ்கோரை ஏற்றித் தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்' என்று போன் வரும். உண்மையான தகவலை யாரும் காசுக்கு அழிக்க முடியாது, தப்பான தகவலைத் திருத்தக் காசே வேண்டாம். ஆகவே அந்த ஐயாயிரத்துக்கு வேலையே இல்லை. குறைந்தது ஏழு வருஷம் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளது. ஆனால் புதுசாக நல்லது சேரச் சேரப் பழசின் கனம் குறையும். முதலில் இப்போது பாக்கியாக நிற்பதைக் கட்டுங்கள். அது நிற்கும்போது மற்ற எந்த வித்தையும் பலிக்காது.

அதிலும் 'செட்டில்மென்ட்' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு லட்சம் பாக்கி, 'அறுபதாயிரம் கட்டுங்க சார், முடிச்சுக்கலாம்' என்பார்கள். கட்டினவர் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார். ரிப்போர்ட்டில் 'முடிந்தது' என்று இருக்காது, 'செட்டில்டு' என்று இருக்கும். பாங்குக்காரர் கண்ணில் அதற்கு அர்த்தம், 'நாற்பதாயிரம் எங்களுக்கு நஷ்டம்'. வேறு வழியே இல்லாத குடும்பத்துக்கு அது ஒரு வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து செய்யுங்கள். பிற்பாடு வசதி வந்தால், மீதியையும் கட்டி 'முடிந்தது' என்று மாற்றச் சொல்லி, நோ டியூ சர்டிபிகேட் வாங்கி வைக்கலாம்.

கிரெடிட் கார்டு விஷயம் இளைஞர்களுக்கு. லிமிட் ஐம்பதாயிரம், மாதா மாதம் நாற்பத்தைந்தாயிரம் செலவு, கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டிவிடுகிறான் ஒருவன். வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனால் ஸ்டேட்மென்ட் போடும் அன்று நாற்பத்தைந்தாயிரம் பாக்கி என்றுதான் தகவல் போகிறது. லிமிட்டில் தொண்ணூறு சதவீதம். 'இவன் எப்போதும் கழுத்துவரை இருக்கிறான்' என்று கம்ப்யூட்டர் நினைக்கும். பொதுவாக முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்பார்கள். லோன் கேட்கப் போகிற இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னாலாவது இதைக் கவனியுங்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்னாலேயே ஒரு பகுதியைக் கட்டிவிட்டாலும் போதும். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் ரிப்போர்ட்டில் தாமதம் விழாது, உண்மை. ஆனால் பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தைத் தொடுகிறது, வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல். நம்மூர் வட்டிக்கடைக்காரரே வெட்கப்படுவார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முப்பது லட்சம் வீட்டுக் கடன், இருபது வருஷம். எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை 26,035 ரூபாய். ஸ்கோர் சரியில்லை என்று ஒன்பதரை போட்டால் 27,964. மாதம் 1,929 தானே என்று தோன்றும். 240 மாதத்தால் பெருக்கினால் நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம். மலைமேல் சின்னதாக ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமே போட்டுவிடலாம், நான் மதிப்பீடு போட்டுத் தருகிறேன்.

கல்விக் கடன் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கடன் வரலாறு நீங்கள் வேலைக்குப் போன அன்று ஆரம்பிப்பதாக நினைக்காதீர்கள். முதல் வருஷம் கடன் கையெழுத்தான அன்றே ஆரம்பித்துவிட்டது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்பதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வருஷம் கழிந்து வேலை கிடைக்கவில்லையென்றால் பல பேர் போனை எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தொண்ணூறு நாள் ஆகும் முன் பாங்குக்கு நேரில் போய், வேலை இல்லை, தவணையைத் தள்ளிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். கட்டாமல் விட்டால் கறை உங்கள் ரிப்போர்ட்டில் மட்டும் இல்லை, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மா ரிப்போர்ட்டிலும் விழும். அடுத்து தம்பிக்கோ தங்கைக்கோ கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

வேலைக்கும் இது வந்துவிட்டது. ஸ்டேட் பாங்கில் அதிகாரி வேலைக்குத் தேர்வானவரின் நியமனத்தை, பழைய கடன்கள் கட்டப்படாத காரணத்துக்காக பாங்கு ரத்து செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் பாங்கு செய்தது சரி என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்குத் தன் பணத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது வாதம். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. வேலை இல்லாததால் கட்டவில்லை, கட்டாததால் வேலை இல்லை என்றால் அவன் எங்கே போவான்? இன்னொரு பக்கம், 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் மாணவனுக்குக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்றது. மாணவன் நாளை சம்பாதிக்கப் போகிறவன் என்பதைப் பார்க்கச் சொன்னது. இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

இந்த மலைக்காரர்களுக்கு வருகிறேன். 2025-ல் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடன் கொடுக்கச் சிபில் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் கொதித்தது ஞாபகம் இருக்கும். ஸ்கோரைப் பார்ப்பதற்கு இல்லை, வேறு பாங்கில் அதே பயிருக்குக் கடன் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். மழையை நம்பிச் சாமை விதைக்கிறவனுக்கு மாதச் சம்பளக்காரன் அளவுகோலை வைப்பது நியாயம் இல்லை என்பதே என் கட்சி. ஆனால் அதே மலையில் பெண்கள் மைக்ரோ பைனான்ஸ் குழுக்களில் ஒரே நேரத்தில் மூன்று நாலு கடன் வாங்கித் தவிப்பதையும் பார்க்கிறேன். 2022 ஏப்ரல் முதல், குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி இவர்கள் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி. அந்த விதி வேலை செய்ய வேண்டுமானால் எல்லாக் கடனும் ரிப்போர்ட்டில் சரியாக ஏற வேண்டும். கட்டி முடித்ததும் ஏற வேண்டும். குழுத் தலைவியிடம் பணத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், தன் பெயரில் முடிந்ததா என்று கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் ஊர் அக்காக்களிடம் சொல்லுங்கள்.

பேச்சு முடிந்ததும் சிலர் கேட்ட கேள்விகளையும் சேர்த்துவிடுகிறேன்.

மூன்றாம் வருஷ மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, எனக்கு எந்தக் கடனும் இல்ல. ஸ்கோரே இல்லன்னு வருது. அப்ப லோன் கிடைக்காதா?" கிடைக்கும். முதல் முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி பாங்குகளுக்குச் சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்திலேயே நிதித்துறை இணை அமைச்சர் தெரிவித்தார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வரலாறு உண்டாக்க ஆசை என்றால், பத்தாயிரம் ரூபாய் பிக்சட் டெபாசிட் போட்டு அதன் பேரில் ஒரு கார்டு வாங்கி, மாதம் பஸ் செலவுக்கு உபயோகித்து முழுசாகக் கட்டிவாருங்கள். செல்போன் லோன் ஆப்களில் மூவாயிரம் நாலாயிரம் வாங்கி வரலாறு உண்டாக்க வேண்டாம். அது வேறு விதமான வரலாறு.

எங்களுக்கு மூத்த செட் அண்ணன் ஒருவர்: "சொந்தக்காரப் பையனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்பா. அது எனக்கு வருமா?" வரும் அண்ணே. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கினவரின் பொறுப்புக்குச் சமம். அவனிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று இல்லை. ரிப்போர்ட்டில் உங்கள் பெயரில் 'ஜாமீன்தாரர்' என்று அந்தக் கடன் நிற்கும். அவன் தவணை தவறினால் உங்களுக்குத் தெரிவதற்குள் பாங்குக்குத் தெரிந்துவிடும். பையனிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அவனுக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு அக்கா, "எங்க அப்பாவுக்குப் பட்டன் போன்தான், அதுவும் நம்பர் மாத்திட்டாரு. ரிப்போர்ட் எப்படி எடுக்கிறது?" என்றார். ஸ்மார்ட் போன் வேண்டாம், அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வந்தால் போதும். நம்பர் மாறியிருந்தால் முதலில் பாங்குக் கணக்கிலும் கடன் கணக்கிலும் புது நம்பரை ஏற்றுங்கள், அடுத்த முறை தகவல் அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும். பான் கார்டு, ஆதார், பாஸ் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். நானும் இரண்டு ஜூனியர்களும் மாலை நாலு மணி வரை அந்த வேப்பமரத்தடி மேஜையில் இரண்டு லாப்டாப்போடு இருப்போம். பான் நம்பரும் போனும் கொண்டு வாருங்கள், வரிசையில் எடுத்துத் தருகிறோம்.